படகு கிளப்பில் ஒரு பாம்பன்காரன்

முன் டிஸ்கி: இது பயணக்கட்டுரை மாதிரிதான் ஆரம்பிக்கும். நடுவுல கொஞ்சம் கொசுவத்தி சுத்தும். பொறுத்துக்கோங்க மக்களே.

சியாட்டில்ல மே மாசம் முதல் சனிக்கிழமையை 'ஓப்பனிங் டே'ன்னு சொல்றாங்க. படகு சீசன் திறக்கிற நாள். சியாட்டில் யாட் கிளப்னு 1892ல ஆரம்பிச்ச பழைய கிளப் ஒண்ணு இருக்கு, அவங்கதான் இதை நடத்துறாங்க. மான்ட்லேக் கட்னு ஒரு குறுகலான கால்வாய்ல முதல்ல துடுப்புப் போட்டி, அப்புறம் அலங்காரம் பண்ணின படகுகளோட ஊர்வலம். ரெண்டு கரையிலயும் நம்ம ஊர் தேர்த் திருவிழா கணக்கா ஜனம் உக்காந்திருக்கும்.

அதே நாள்ல எங்க ஊர் பாம்பன்ல ஒரு விசைப்படகு கூட கடலுக்குப் போகாது. தமிழ்நாட்டுக் கிழக்குக் கடற்கரை முழுக்க ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். 2001ல இது தொடங்கினப்ப 45 நாளா இருந்தது, 2017ல 61 ஆக்கினாங்க. மீன் இனப்பெருக்கத்துக்காக. நாட்டுப்படகு போகலாம், விசைப்படகு போகக் கூடாது. படகைக் கரையேத்தி, பலகை மாத்தி, பெயிண்ட் அடிச்சு, கிழிஞ்ச வலையைப் பின்னிக்கிட்டு உக்காந்திருப்பாங்க. எங்க அப்பாவும் அதுல ஒருத்தர். அடுத்தவர் படகுல டிரைவர். முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ். பென்ஷன் கிடையாது :-)

ஆக, ஒரே மே மாசம். இங்க சீசன் திறக்குது, அங்க பூட்டிக் கிடக்கு. 2025 மே 3, 4 ரெண்டு நாளும் நான் திறந்த பக்கம் நின்னுக்கிட்டிருந்தேன். அந்தக் கதைதான் இது.

பொட்டி தட்டுறவனுக்குப் படகு கிளப்ல என்ன வேலைன்னு கேப்பீங்க. எங்க அபார்ட்மெண்டுக்குப் பக்கத்து வீட்டுல ஒரு தாத்தா. விமானம் செய்யற கம்பெனில இன்ஜினியரா இருந்து ரிட்டயர் ஆனவர். அவர்கிட்ட முப்பத்திரண்டு அடில ஒரு டீசல் மோட்டார் படகு. அதுல இருக்கிற ஜிபிஎஸ் பொட்டியோட சாஃப்ட்வேரை மேம்படுத்தத் தெரியாம முழிச்சிக்கிட்டிருந்தார். போய் உக்காந்து அரை மணி நேரத்துல முடிச்சுக் குடுத்தேன். அதுக்குக் கூலியா கிளப்போட முதல் வாரப் பயணத்துக்கு வர்றியான்னு கேட்டார். சின்ன கிளப்தான். மொத்தம் பதினோரு படகு கிளம்பும்னார். ஊரே ஊர்வலம் பாக்க மான்ட்லேக் பக்கம் போறப்ப இவங்க நேர் எதிர்த் திசைல கடலுக்குப் போவாங்களாம். ஊர்வலத்துல படகு மாலை போட்ட மாடு மாதிரி நடக்கும், அது படகுக்கு அழகில்லைன்னு தாத்தாவோட கருத்து.

நான் உடனே சரின்னு சொல்லல. காரணம் இருக்கு. இங்கதான் கொசுவத்தி.

பாம்பன்ல பொறந்து, பாலத்தைப் பாத்துக்கிட்டே வளந்தவன் நான். ஆனா இருபத்தெட்டு வயசு வரைக்கும் எஞ்சின் வச்ச படகுல ஒரு தடவை கூட ஏறினது இல்ல. அப்பா விட்டதில்ல. கரையில நிக்கிற படகுல ஏறி விளையாடினா கூட அடி விழும். "கடல் என்னோட போகட்டும். நீ பொஸ்தகத்தைப் புடி" அப்படின்னு சொல்லுவார். பன்னண்டு வயசு வரைக்கும் அது வெறும் கண்டிப்பு. அதுக்கப்புறம் அது சட்டம். ஏன்னா 2009ல எங்க சித்தப்பா கடலுக்குப் போய்த் திரும்பி வரல.

புயல் இல்ல, மழை இல்ல. தண்ணி தட்டுல ஊத்தின மாதிரி இருந்த ராத்திரி. படகுல அஞ்சு பேர். வலை போட்டுட்டு எல்லாரும் அசந்து தூங்கியிருக்காங்க. விடியக்காலம் வலை வாங்க எந்திரிச்சப்ப நாலு பேர்தான் இருந்தாங்க. ஒண்ணுக்குப் போகப் பின்பக்கம் போயிருப்பார், கால் வழுக்கியிருக்கும். அவ்வளவுதான் யாராலயும் சொல்ல முடிஞ்சது. மூணு நாள் ஊரே தேடிச்சு. கிடைக்கல. உடம்பு கிடைக்கலைன்னா நம்ம சட்டப்படி ஏழு வருஷம் தகவல் இல்லாம இருந்தாத்தான் இறந்தவர்னு எடுத்துக்குவாங்க. அந்த ஏழு வருஷமும் சித்தி பொட்டு வைக்கிறதா வேண்டாமான்னு தெரியாமலே இருந்தாங்க. நல்ல நாள் கெட்ட நாள்னு யார் வீட்டுக்கும் போக மாட்டாங்க.

அதனால தாத்தா கூப்பிட்டதும் நான் யோசிச்சது குளிரையோ வாந்தியையோ இல்ல. அப்பாகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான். சொல்லாம போறதுல எனக்கு இஷ்டமில்ல. வெள்ளிக்கிழமை சாயங்காலம், அங்க சனிக்கிழமை காலை, போன் போட்டுச் சொல்லிட்டேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. வலை பின்னுறவங்க பேச்சு மட்டும் பின்னாடி கேக்குது.

"எத்தனை பேரு?"

"படகுக்கு நாலு பேருப்பா. மொத்தம் பதினோரு படகு."

"மிஷினு ஒண்ணா ரெண்டா?"

"ஒண்ணுதான். டீசல்."

"பாலத்துக்கு அடியில போவீங்களா?"

"ஆமா. ஒரு பாலம் இருக்கு."

"நீவாடு பாத்து நுழையச் சொல்லு." வச்சுட்டார்.

போகாதன்னு சொல்லல. போன்னும் சொல்லல. எங்க வீட்டுல இதுக்கு அனுமதின்னு அர்த்தம்.

சரி, பயணத்துக்கு வருவோம். கிளம்புறதுக்கு முந்தின ராத்திரி கிளப்ல எல்லாரும் கூடினாங்க. ஆளுக்கு ஒரு பதார்த்தம் கொண்டு வந்திருந்தாங்க (நான் தயிர்சாதம், பாத்திரம் காலி, சும்மா பெருமைக்குச் சொல்றேன்). சாப்பிட்டதும் மேப் விரிச்சு வகுப்பு. வேற எங்கயும் இல்லாத அளவுக்கு இவங்களுக்குத் தண்ணி மேல பயம். காரணம், தண்ணியோட குளிர். மே மாசம் பியூஜெட் சவுண்ட்ல தண்ணி 10 டிகிரி செல்சியஸ் பக்கம்தான். விழுந்தா என்ன ஆகும்கிறதுக்கு 1-10-1 னு ஒரு கணக்கு வச்சிருக்காங்க. முதல் ஒரு நிமிஷம் மூச்சு தாறுமாறா வாங்கும், அதை அடக்கணும். அடுத்த பத்து நிமிஷம்தான் கை கால் சொன்ன பேச்சு கேக்கும். அதுக்கப்புறம் நீச்சல்ல ஒலிம்பிக் போனவனா இருந்தாலும் கை மடங்காது. ஒரு மணி நேரத்துல நினைவு போகும். ஜாக்கெட் இல்லாதவனுக்கு அந்த ஒரு மணி நேரமே கிடையாது, பத்தாவது நிமிஷம் கதை முடிஞ்சிரும். அமெரிக்கக் கடலோரக் காவல்படை வருஷா வருஷம் படகு விபத்துக் கணக்கு வெளியிடுது. அதுல மூழ்கிச் செத்தவங்கள்ல பத்துக்கு எட்டுப் பேருக்கும் மேல லைஃப் ஜாக்கெட் போடாதவங்க. அதனால டெக்குல கால் வச்சா ஜாக்கெட் போட்டாகணும்கிறது கிளப் விதி. தாத்தாவுக்கும் அதே விதிதான், எனக்கும் அதே விதிதான்.

அடுத்த பாடம் மிதவைகள். துறைமுகத்துக்குள்ள நுழையறப்ப சிவப்பு மிதவை வலது பக்கம் இருக்கணும்னு சொன்னாங்க. எனக்குச் சின்ன வயசுல கேட்ட ஞாபகம் வேற மாதிரி இருக்கேன்னு போனைத் தட்டிப் பாத்தா, உலகத்தையே ரெண்டாப் பிரிச்சு வச்சிருக்காங்க மக்களே. அமெரிக்கக் கண்டங்கள், ஜப்பான், கொரியா, பிலிப்பைன்ஸ் எல்லாம் ஒரு கட்சி, அங்க சிவப்பு வலது. இந்தியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா எல்லாம் இன்னொரு கட்சி, அங்க சிவப்பு இடது. கார் ஓட்டுறதுலதான் எதிர்ப்பக்கம்னு நினைச்சேன். கடல்லயும் அப்படித்தான்!

சனிக்கிழமை காலைல லேக் யூனியன்ல இருந்து கிளம்பினோம். அது நன்னீர் ஏரி. கடலுக்குப் போகணும்னா பாலார்ட் லாக்ஸ் வழியா இறங்கணும். 1917ல திறந்த பூட்டுக் கால்வாய். படகுகளை ஒரு பெரிய கான்கிரீட் தொட்டிக்குள்ள விட்டு, கதவைச் சாத்தி, தண்ணியை வடிச்சு, கடல் மட்டத்துக்கு இறக்கி, அந்தப்பக்கக் கதவைத் திறந்து விடுவாங்க. கடல் ஏத்தத்துல இருக்கா வத்தத்துல இருக்காங்கிறதைப் பொறுத்து 6 அடில இருந்து 26 அடி வரைக்கும் வித்தியாசம் வரும். எங்க ஊர்ல ஏத்தத்துக்கும் வத்தத்துக்கும் ஒரு மீட்டர் கூட வித்தியாசம் இருக்காது. அதுக்கே அப்பா நேரம் பாத்துத்தான் நுழைவார்.

எனக்குக் குடுத்த வேலை முன்பக்கக் கயிறு. கரையில ஒரு சுத்து, நுனி என் கையில. தண்ணி வடிய வடிய கயிறைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டுக்கிட்டே வரணும். இறுக்கிக் கட்டிட்டா தண்ணி கீழ போயிரும், படகு சுவத்துல தொங்கும். தாத்தா ரெண்டு தடவை எச்சரிச்சார். நான் விட்டுக் குடுத்த விதத்தைப் பாத்துட்டு, "முன்னாடியே பழக்கமா?"ன்னார். அப்பா கரையில கயிறு விடுறதைப் பத்துப் பதினஞ்சு வருஷம் பாத்திருக்கேன், தொட்டதில்லைன்னேன். தாத்தா ஒண்ணும் சொல்லல, தோள்ல தட்டினார்.

இந்தப் பூட்டுக்குப் பின்னாடி ஒரு சோகமும் உண்டு. கால்வாய் வெட்டி ரெண்டு ஏரியை இணைச்சப்ப, 1916ல வாஷிங்டன் ஏரியோட மட்டம் கிட்டத்தட்ட ஒன்பது அடி இறங்கிச்சு. அந்த ஏரில இருந்து ஓடிக்கிட்டிருந்த பிளாக் ரிவர்னு ஒரு ஆறே வத்திப் போச்சு. அதை நம்பி வாழ்ந்த டுவாமிஷ் பழங்குடிகளும் அதோட மீனும் ஒரே வருஷத்துல வெளிய. மீனுக்காக லாக்ஸ் பக்கத்துல 21 படி வச்ச ஏணி கட்டியிருக்காங்க. சால்மன் அதுல தாவித் தாவி மேல ஏறும். மனுஷனுக்கு ஏணி கட்டினதாத் தெரியல.

லாக்ஸைத் தாண்டினதும் ஒரு ரயில் பாலம். ஒரு பக்கம் மட்டும் அப்படியே வானத்தைப் பாத்துத் தூக்கி நிக்குது. பாத்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. விசாரிச்சா 1914ல கட்டினதாம். எங்க பாம்பன் பழைய பாலமும் 1914 பிப்ரவரில திறந்ததுதான்! எங்களுது நடுவுல பொளந்து ரெண்டு பக்கமும் தூக்கும், இது ஒத்தைக் கை. எங்களுதை ஆளுங்க சக்கரம் சுத்தித் திறப்பாங்க. அதைப் பாக்குறதுக்குன்னே பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட காலம் உண்டு. பழைய பாம்பன் பாலத்துல 2022 டிசம்பரோட ரயில் நின்னு போச்சு. பக்கத்துல புதுசாக் கட்டின செங்குத்துத் தூக்குப் பாலத்தை 2025 ஏப்ரல் 6ல திறந்தாங்க. இங்க அந்தக் காலத்துப் பாலம் மேல இன்னமும் கூட்ஸ் வண்டி போகுது. வீடியோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன்.

அதுக்கப்புறம் திறந்த கடல். எட்டு நாட் வேகம். ஒரு நாட்டுன்னா மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1852 மீட்டர். போக வேண்டிய ஊர் பால்ஸ்போ, பதினஞ்சு கடல் மைல் வாக்குல. வழியில மிதக்குற மரக்கட்டைதான் பெரிய வில்லன். மலையில இருந்து ஆத்தோட வந்த பெரிய பெரிய மரம், பாதி முழுகின நிலைமையில செங்குத்தா நிக்கும். மோதினா அடி ஓட்டை. அதனால ஒருத்தர் முன்னாடி பாத்துக்கிட்டே இருக்கணும். திமிங்கிலம் வந்தாலும் ஒதுங்கணும். இந்தப் பகுதிக்கே உரிய ஓர்கா கூட்டம் ரொம்பக் குறைஞ்சு போனதால, 2025 ஜனவரில இருந்து வாஷிங்டன் மாநிலச் சட்டப்படி அதுங்ககிட்ட இருந்து 1000 கெஜம் தள்ளித்தான் போகணும். நாங்க போன ரெண்டு நாளும் அதுங்க தரிசனம் குடுக்கல.

போர்ட் மேடிசன்னு ஒரு விரிகுடா வந்ததும் எல்லாப் படகும் நின்னுச்சு. முன்னாடி அகேட் பாசேஜ். பெயின்பிரிட்ஜ் தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவுல ஒடுக்கமான ஜலசந்தி, மேல 1950ல கட்டின பாலம். ஓதம் ஏறும்போதும் இறங்கும்போதும் இதுக்குள்ள தண்ணி 6 நாட் வரைக்கும் ஓடும். எட்டு நாட் போற படகு எதிர்த்துப் போனா மிச்சம் ரெண்டு நாட்டுதான், அதுவும் எஞ்சின் மூச்சு வாங்க. ஓட்டம் நிக்கிற நேரத்துக்குக் காத்திருக்கணும். ஒரு தீவு, ஒரு பாலம், அடியில ஒரு ஓட்டம். அப்பா போன்ல கேட்டது ஞாபகத்துக்கு வந்துச்சு. பாக்காத ஊரோட தண்ணியைப் பத்திச் சரியான கேள்வியைக் கேட்டிருக்கார் மனுஷன்.

காத்திருந்த முக்கால் மணி நேரத்துலதான் அந்தப் பயிற்சி நடந்தது. வருஷா வருஷம் சீசன் முதல் பயணத்துல கட்டாயமாம். ஆள் தண்ணில விழுந்தா என்ன செய்யணும்? ஒரு ஆரஞ்சு கலர் மிதவைக்குப் பழைய தொப்பி மாட்டி அதுதான் ஆள்னு வச்சுக்கிட்டாங்க. படகை ஓட்டுறது பாட்டி. ஏன்னா தாத்தா விழுந்தா தூக்க வேண்டியது அவங்கதானே, அவங்களுக்கு ஓட்டத் தெரியணும்னு. நியாயம்தான்.

வேலை பிரிச்சாங்க. ஒருத்தர் வளையம் வீசணும். ஒருத்தர் ஜிபிஎஸ்ல ஒரு பொத்தானை அமுக்கணும், விழுந்த இடம் பதிவாகும். வானொலில 16ம் சேனல்ல கூப்பிடத் தயாரா இருக்கணும். எனக்குக் குடுத்த வேலை, கை நீட்டுறது.

ஆமா, அவ்வளவுதான். தண்ணில இருக்கிற ஆளைப் பாத்துக் கையை நீட்டிக்கிட்டே நிக்கணும். படகு எந்தப் பக்கம் திரும்பினாலும் கை அந்த ஆள் மேலயே இருக்கணும். கயிறு எடுத்துக் குடுன்னு யாராவது கேட்டாலும் குடுக்கக் கூடாது. உதவி செய்யக் கூடாது, பேசக் கூடாது, கண்ணை எடுக்கக் கூடாது. "இதுதான் இருக்கிறதுலயே முக்கியமான வேலை"ன்னு பாட்டி சொன்னப்ப, புது ஆளுக்கு ஆறுதலா ஏதோ சொல்றாங்கன்னுதான் எடுத்துக்கிட்டேன்.

தொப்பியைத் தூக்கிப் போட்டாங்க. நான் கையை நீட்டினேன்.

எட்டு நாட்டுன்னா செகண்டுக்கு நாலு மீட்டர். பத்து செகண்டுல நாப்பது மீட்டர். பாட்டி படகைத் திருப்ப ஆரம்பிக்கிறதுக்குள்ள அந்த மிதவை ஒரு தேங்காய் அளவுக்குச் சுருங்கிருச்சு. கடல்ல அலைன்னு பெருசா ஒண்ணும் இல்ல. ஒன்றரை அடி, ரெண்டு அடி. ஆனா அந்த ரெண்டு அடி அலைக்குப் பின்னாடி தேங்காய் காணாம போகுது. வருது. போகுது. அடுத்து எங்க வரும்னு கண்ணுக்குத் தெரியாது, கைக்குத்தான் தெரியும். நல்ல வெயில், பகல் பதினொரு மணி, ஆரஞ்சு கலர், நாலு பேர் தயாரா நிக்கிறோம், எப்ப விழும்னு முன்கூட்டியே தெரியும். அப்படியும் ரெண்டு தடவை எனக்கு அடிவயிறு கலங்கிச்சு.

பாட்டி அழகா வட்டம் போட்டு, காத்துக்கு எதிரா மெதுவா நெருங்கி, கிட்ட வந்ததும் எஞ்சின் கியரை எடுத்துட்டாங்க. தாத்தா கொக்கிக் கம்பால தூக்கினார். நாலு நிமிஷம் ஆச்சு. எல்லாரும் கை தட்டினாங்க. நான் மட்டும் கையை இறக்கல. பாட்டி வந்து மெதுவா என் கையைப் பிடிச்சு இறக்கி விட்டாங்க.

பொட்டி தட்டுற புத்தி, கணக்கு போடாம இருக்காது. சித்தப்பா விழுந்தது எத்தனை மணிக்குன்னு தெரியாது. பதினோரு மணியா, ரெண்டு மணியா, நாலு மணியா. நீவாடு மணிக்கு ஒரு கடல் மைல்னு வச்சாலும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் தேட வேண்டிய வட்டம் பெருசாகிக்கிட்டே போகும். ஆறு மணி நேரம்னா நூறு சதுர கடல் மைலுக்கும் மேல. அதுல ஒரு தேங்காய். மூணு நாள் ஏன் கிடைக்கலைன்னு பதினாறு வருஷமா எனக்குள்ள ஒரு கேள்வி இருந்துச்சு. யாரோ சரியாத் தேடலையோன்னு கூட ஒரு சந்தேகம் இருந்துச்சு, அதை யார்கிட்டயும் சொன்னதில்ல. அன்னிக்கு அந்தச் சந்தேகம் போச்சு. எல்லாரும் தேடியிருக்காங்க. கை நீட்ட ஒரு ஆள் இல்ல, அவ்வளவுதான்.

ஓட்டம் நின்னதும் வரிசையா அகேட் பாசேஜுக்குள்ள நுழைஞ்சோம். வலது பக்கக் கரை சுகுவாமிஷ் பழங்குடிகளோட ஊர். சியாட்டில்ங்கிற பேருக்குச் சொந்தக்காரரான தலைவர் 1866ல இறந்து அங்கதான் அடக்கம் ஆகியிருக்கார். அமெரிக்க ஜனாதிபதிக்கு அவர் எழுதினதா ஒரு கடிதம் தமிழ்ல கூட சுத்துச்சே, ஞாபகம் இருக்கா? அது 1970களோட ஆரம்பத்துல டெட் பெர்ரிங்கிறவர் ஒரு படத்துக்காக எழுதின வசனம். அந்தக் கரையில அவங்க கூட்டுக் குடும்பமா வாழ்ந்த பெரிய மரவீடு ஒண்ணு இருந்துச்சு. 1870ல அரசாங்கம் எரிச்சிருச்சு.

பால்ஸ்போ சேந்து படகைக் கட்டினப்ப மத்தியானம். நார்வேக்காரங்க குடியேறின ஊர். கடைத்தெரு முழுக்க நார்வே கொடி, பேக்கரி வாசனை. ராத்திரி எட்டு மணிக்கு, அங்க ஞாயித்துக்கிழமை காலை எட்டரை, அப்பாவுக்குப் போன் போட்டேன். முதல்ல ஊர்க்கதை. இங்க பழங்குடிகளுக்கு 1855ல போட்ட ஒப்பந்தத்துல மீன் பிடிக்கிற உரிமை எழுதியிருக்கு, அதை வச்சு 1974ல போல்ட்டுன்னு ஒரு நீதிபதி, பிடிக்கக்கூடிய மீன்ல பாதி அவங்களுக்குத்தான்னு தீர்ப்புச் சொன்னார்னு சொன்னேன்.

"பாதியா?"

"ஆமாப்பா, பாதி."

"கோர்ட்டு சொன்னா சரி. மீனு இருக்கா?"

"அது குறைஞ்சுக்கிட்டேதான் வருதாம்."

"அப்ப எல்லா ஊரும் ஒண்ணுதான்" என்றார்.

அப்புறம்தான் கை நீட்டின கதையைச் சொன்னேன். சித்தப்பா பேரை எடுக்கல. எடுக்க வேண்டிய அவசியமும் இருக்கல. ரொம்ப நேரம் கேட்டுக்கிட்டிருந்துட்டு அப்பா கேட்டது ஒரே கேள்வி.

"இருட்டுல எவனைக் கை நீட்டச் சொல்லுவ?"

பதில் இல்ல. ஞாயித்துக்கிழமை திரும்பி வர்ற வழியெல்லாம் இதே கேள்விதான். தாத்தாகிட்ட கேட்டேன். அவர் தன் ஜாக்கெட்டைக் கழட்டிக் காட்டினார். தோள்ல ஒரு சின்ன விளக்கு. தண்ணி பட்டா தானா எரியும், எட்டு மணி நேரத்துக்கு மேல எரியுமாம். ஒரு விசில். ராத்திரில டெக்குக்கு வர்றவன் இன்னொருத்தரை எழுப்பிட்டுத்தான் வரணும்னு ஒரு விதி. "இதெல்லாம் கை நீட்டுறதுக்குப் பதில் இல்ல, ஆனா தேடுறவனுக்கு ஒரு புள்ளி கிடைக்கும்" என்றார்.

அப்பாகிட்ட சொன்னா சிரிக்கிறார். "ஒண்ணுக்குப் போறவன் ஊரை எழுப்பிட்டா போவான்?" நாள் முழுக்க வலை இழுத்துட்டு ரெண்டு மணி நேரம் தூங்குறவனை எழுப்பினா அடிக்கத்தான் வருவான்னும் சொன்னார். உண்மைதான். பொழுதுபோக்குக்குப் படகு ஓட்டுறவனோட விதியை, பொழப்புக்கு ஓட்டுறவன்கிட்ட அப்படியே தூக்கிட்டுப் போக முடியாது. ஜாக்கெட்டும் அப்படித்தான். ஊர்ல இல்லாம இல்ல, வலை இழுக்குறப்ப அது இடைஞ்சல். வேர்வையில ஊறும், வலை மாட்டும். அதனால சுருட்டித் தலைக்கு வச்சுப் படுத்துக்குவாங்க. அவர் அதையெல்லாம் சொல்லி முடிச்சுட்டு, போனை வைக்கப் போற நேரத்துல, "அந்த வெளக்கு என்ன வெலை வரும்?"னார்.

அஞ்சு பேருக்கு அஞ்சு விளக்கு, அஞ்சு விசில் வாங்கினேன். ஜாக்கெட் போடாட்டியும் பரவால்ல, ராத்திரில பனியன்லயாவது இடுப்புக் கயித்துலயாவது மாட்டிக்கிட்டா போதும்னு கேட்டுக்கிட்டேன். மே கடைசில மதுரைக்குப் போன நண்பர் ஒருத்தர் கையில குடுத்து விட்டேன். அம்மா ஒரு விளக்கைச் சொம்புத் தண்ணில போட்டுப் பாத்து, எரிஞ்சதும் அணைக்கத் தெரியாம ராத்திரி முழுக்க அடுப்படில வெளிச்சமா இருந்துச்சாம்.

ஜூன் 14 தாண்டி, முதல் பாடு முடிஞ்சு கரைக்கு வந்ததும் அப்பா கூப்பிட்டார். எத்தனை பேர் மாட்டினாங்கன்னு கேட்டேன். அஞ்சு பேர்ல மூணு பேராம். சின்னப் பசங்க ரெண்டு பேர் போட்டி போட்டு மாட்டிக்கிட்டாங்களாம். அந்த மூணுல நீங்க உண்டான்னு கேட்டேன்.

"இந்தத் தடவை எறா வரத்து பரவால்லடா தம்பி" என்றார்.